தலைவலி: எதற்கு ஓட வேண்டும், எதற்குப் படுக்க வேண்டும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணா, தலைவலிக்கு ஒரு செட் குடுங்க" என்று இரண்டு மூன்று பேராவது வந்து கேட்பார்கள். அவரும் "சாப்ட்டியாமா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று அட்டைகளை எடுப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுவார். நறுக்கிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். சிலதில் அதுவும் இருக்காது.

பத்தொன்பது வருடமாக ஒற்றைத் தலைவலியோடு வாழ்கிறேன். நானும் அந்த உறையை வருடக்கணக்கில் வாங்கியவள்தான். நான் டாக்டர் இல்லை. ஆனால் வலிக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளாமலே இத்தனை வருடம் மாத்திரை போட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. இப்போதுதான் தலைவலி தொடங்கியிருப்பவர்களுக்கும், வீட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: உடனே ஓட வேண்டிய வலியா?

எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். ஒற்றைத் தலைவலி சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று தோன்றும் அளவுக்கு வலிக்கும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஒன்றும் செய்யாது. மண்டைக்குள் மெதுவாகக் கசிகிற ரத்தமோ ஆரம்பத்தில் மந்தமான வலியாகத்தான் தெரியும். வலி எப்படி வந்தது, கூட என்ன வந்தது, யாருக்கு வந்தது என்ற மூன்றையும் பாருங்கள்.

இடி விழுந்த மாதிரி திடீரென்று வந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகிற வலி, "என் வாழ்நாளில் இப்படி வலிச்சதே இல்ல" என்று சொல்ல வைக்கிற வலி, மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதால் வந்திருக்கலாம். அதற்கு வீட்டில் மாத்திரை தேடக் கூடாது. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளம். ரத்தக்குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்துக்கு, உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால் நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் கேட்கிற முதல் கேள்விகளில் அது ஒன்று.

காய்ச்சலோடு தலைவலி வந்து கழுத்து விறைத்துப்போனால், முகவாயை நெஞ்சில் தொடச் சொல்லிப் பாருங்கள். குனிய முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, பேச்சு முன்னுக்குப்பின் முரணாக இருக்கிறது என்றால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். தலைவலியோடு வலிப்பு வந்தாலும், நினைவு தவறினாலும் இதே அவசரம்தான்.

தலையில் அடிபட்டவர் அன்றைக்கு நன்றாகவே இருப்பார். வயதானவர், குடிப்பழக்கம் உள்ளவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட ரத்தம் தேங்கி வலி தொடங்கலாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா இப்போது கொஞ்சம் மறதியாக இருக்கிறார், தலை வலிக்குது என்கிறார் என்றால், போன மாத விழுதலையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாகத் தலைவலி தொடங்கினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டுப் பக்கம் வலி, சீப்பு பட்டாலே நோவு, சாப்பாடு மெல்லும்போது தாடை அசந்துபோவது என்று இருந்தால், அது தலையின் ரத்தக்குழாயில் வரும் அழற்சியாக இருக்கலாம். மருந்து தாமதமானால் கண் பார்வையே போய்விடும். கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு விடாத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, முகமோ கையோ வீங்குவது என்று வந்தால் அன்றைக்கே பி.பி. பார்க்க வேண்டும். 140/90 தொட்டாலே டாக்டரிடம் போயாக வேண்டும், அது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் இந்தக் கவனம் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண், குழந்தை பிறந்து பதினோராம் நாள் தலைவலி என்று படுத்தாள். "பச்ச உடம்பு, தண்ணி அதிகம் குடிச்சா வயிறு பெருத்துப்பூடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கொடுக்கவில்லை. தைலம் தடவினார்கள், சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் எளிதில் உறையும் தன்மை இருக்கும், உடலில் நீர் வற்றினால் அது இன்னும் கூடும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தாள். அந்த வீட்டில் எல்லாரும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள்.

மழைக்காலத்துக்கென்று தனியாக ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது, கரண்ட்டும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஜெனரேட்டரை வராண்டாவிலோ மாடிப்படிக்குக் கீழேயோ வைத்து ஓட்டுவார்கள். மூடிய இடத்தில் கரியடுப்பு மூட்டுவார்கள். வீட்டில் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் தலைவலி, மயக்கம், வாந்தி என்றால் அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இவற்றில் எது இருந்தாலும் 108. நோயாளியை பைக்கில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நினைவு தடுமாறுகிறவரை அப்படிக் கொண்டுபோகாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம். போனில் தெருப்பெயர் மட்டும் போதாது, பக்கத்துக் கோயில், மசூதி, சர்ச், பஸ் ஸ்டாப் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை நின்றாலோ, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலோ அதையும் சொன்னால் சுற்றி வருவார்கள். நம் பக்கத்துக்கு ஓல்டு ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி, சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. இரண்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கும்.

இரண்டாம் படி: வலிக்குப் பெயர் வைப்பது

மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான தலைவலிகள் இரண்டு குடும்பத்தைச் சேர்ந்தவை.

முதலாவது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டின மாதிரி, இரண்டு பக்கமும், பாரமாக அழுத்தும். கழுத்தும் தோளும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வேலை செய்ய முடியும், மாடி ஏறினால் வலி கூடாது, வாந்தி வராது. அரை மணி நேரத்திலும் போகலாம், ஒரு வாரமும் இழுக்கலாம். நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்காதவர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன்.

இரண்டாவது ஒற்றைத் தலைவலி, மைக்ரேன். பெயரை நம்பி ஏமாறாதீர்கள், இரண்டு பக்கமும் வரும். விண்விண்ணென்று தெறிக்கும், நடந்தால், குனிந்தால் கூடும். குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. எனக்கு வாசனைதான் முதலில் எதிரியாகும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால், மற்ற நாளில் பசியெடுக்கும், வலி வருகிற நாளில் வயிற்றைப் புரட்டும். மருந்து போடாவிட்டால் பெரியவர்களுக்கு நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள்வரை இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மாதவிலக்கை ஒட்டி வருவதும் உண்டு, அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருவதும் உண்டு.

சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மினுமினுக்கிற வளைகோடு தோன்றும், நடுவில் ஓர் இடம் மறைந்துபோகும், விரல் நுனியில் தொடங்கி மரமரப்பு மெதுவாக மேலே ஏறும். ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை இருந்துவிட்டு அது தானாகப் போகும். மெதுவாகப் பரவுவது இதன் குணம், பக்கவாதமோ ஒரே நொடியில் வரும். ஆனால் முதல் முறை வரும்போது இரண்டையும் நாமே பிரித்துப் பார்க்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்த மாதிரிக் கண்ணில் கோடு வருகிற பெண்கள் கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இனி சைனஸ். நம் ஊரில் நெற்றி வலித்தால் "சைனஸ்", "தலையில நீர் கோத்துக்கிச்சு". நானும் ஆறு வருடம் சைனஸ் என்று நம்பி ஆவி பிடித்தேன். நெற்றியும் கன்னமும் வலித்து, மூக்கடைத்து, கண்ணில் தண்ணீர் வருவது ஒற்றைத் தலைவலியிலும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. உண்மையான சைனஸ் தொற்றில் மூக்கிலிருந்து கெட்டியாக மஞ்சள், பச்சைச் சளி வரும், வாசனை தெரியாது, காய்ச்சல் இருக்கலாம். அதெல்லாம் இல்லாமல் மாதத்துக்கு நான்கு முறை வந்து, வாந்தியோடு, இருட்டறையைத் தேட வைக்கிற "சைனஸ்" பெரும்பாலும் மைக்ரேன்தான். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டதால் என் சிகிச்சையே மாறியது.

கொத்துத் தலைவலி என்று அபூர்வமான ஒன்றும் உண்டு. ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் குத்திக் குடைகிற வலி, அந்தப் பக்கக் கண் சிவந்து தண்ணீர் கொட்டும், மூக்கொழுகும். கால் மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் இருக்கும், ஒரே நாளில் பலமுறை வரலாம். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார், இவர் படுக்க முடியாமல் அறையில் முன்னும் பின்னும் நடப்பார். இதற்கு முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுப்பதுதான் நல்ல வைத்தியம். நரம்பியல் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

பி.பி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தலை வலிக்கலியே, பி.பி. இருக்காது" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறைய. சாதாரணமாக ஏறியிருக்கும் பி.பி. தலைவலியைத் தருவதில்லை, சத்தமில்லாமல்தான் இருக்கும். 180/120 தாண்டி, தலைவலியோடு பார்வை மங்கலோ நெஞ்சுவலியோ குழப்பமோ இருந்தால் அது அவசரம்.

மூன்றாம் படி: வீட்டில் செய்வது

வலி தொடங்கிய உடனே ஒரு சொம்புத் தண்ணீர். காலையில் சாப்பிடவில்லை என்றால் இரண்டு இட்லியோ, பன்னோ, கஞ்சியோ. விடிவதற்கு முன் காசிமேட்டுக்கு ஏலம் எடுக்கப் போய், வெறும் டீயோடு பதினோரு மணிவரை கூடை சுமக்கிற அக்காக்களின் தலைவலிக்குப் பாதி மருந்து இதுதான். இருட்டான இடத்தில் படுங்கள். ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் நெற்றிக்கு, கழுத்து இறுகியிருந்தால் வெந்நீர் ஒத்தடம். தைலம் தடவினால் இதமாக இருக்கும், தடவிக்கொள்ளுங்கள். ஆனால் கைக்குழந்தைகளுக்குத் தடவாதீர்கள், அதிலுள்ள கற்பூரம் அவர்களுக்கு விஷம். சுக்குப் பற்றைக் காய்ந்து இறுகும்வரை விட்டால் தோல் வெந்துபோகும். ஆவி பிடிக்கும்போது குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு முதல் மாத்திரை பாராசிட்டமால். 500 மில்லிகிராம் என்றால் ஒன்றோ இரண்டோ, 650 என்றால் ஒன்று. அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது தாண்டவே கூடாத எல்லை. உடல் எடை குறைந்தவர்களும், குடிப்பவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், டாக்டரைக் கேளுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. பதினாறு வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடாது.

மைக்ரேனுக்கு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்டபின், வலி தொடங்கின கையோடு போட்டால் நன்றாகக் கேட்கும். வலி முற்றியபின் போட்டால் வயிறே அதை வாங்காது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது. காய்ச்சலோடு தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிக்கிற வலி என்றால் டெங்குவாக இருக்கலாம். அப்போது இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் போட்டு ரத்தம் சோதித்துப் பாருங்கள். தேங்கிய வெள்ளத்தில் நடந்த சில நாளில் காய்ச்சலும் தலைவலியும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரில் நடந்தேன் என்று டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள்.

நோன்பு வைக்கிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் வருகிற தலைவலியில் பெரும்பங்கு டீ, காபி நின்றுபோவதால் வருவது. நோன்புக்கு ஒரு வாரம் முன்பே நாளுக்கு ஒரு டீயாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெள்ளி, செவ்வாய் விரதக்காரர்களுக்கும் அதே கதைதான். மைக்ரேன் உள்ளவருக்குப் பட்டினி ஒரு தூண்டுதல், தூக்கம் கெடுவது இன்னொன்று. கத்திரி வெயிலில் கூரையில்லாத இடத்தில் வேலை செய்தவர் தலைவலியோடு உளறினால், உடம்பு கொதித்தால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: மாத்திரையை எண்ணுவது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். வலி மாத்திரையே தலைவலியைத் தரும். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரைகளையும் மைக்ரேனுக்கென்றே கொடுக்கும் எர்கோட்டமைன், டிரிப்டான் வகைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மூளை பழகிப்போய், மாத்திரை இறங்கும்போதெல்லாம் வலி ஏறும். காலையில் கண் விழிக்கும்போதே வலிக்கும். "செட்" என்பது கலப்பு மாத்திரைதான், அதன் எல்லை 10 நாள்.

எங்கள் மாடியில் இருக்கும் அக்காவுக்கு இதுதான் நடந்தது. ஆட்டோ ஓட்டும் கணவருக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு செட் போடுவார். மூன்று வருடம். கண்ணாடி மாற்றினார், இரண்டு முறை ஸ்கேன் எடுத்தார், இரண்டிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் அவர் பையிலிருந்த காலி உறைகளை மேஜைமேல் கொட்டச் சொல்லி, காலண்டரைக் காட்டி எண்ணச் சொன்னார். அந்த மாதத்தில் மட்டும் இருபத்தாறு. நிறுத்தின முதல் பத்து நாள் அவர் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன், வாந்தி, தூக்கமின்மை, கூடவே அழுகை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் படியிறங்கி வந்து, "இன்னிக்கி வலிக்கல" என்றார். அவருக்குள் முதலிலிருந்தே இருந்தது மைக்ரேன். இப்போது மாதத்துக்கு மூன்று நாள் வருகிறது. வெறும் வலி மாத்திரையைப் பெரும்பாலும் ஒரேயடியாக நிறுத்தலாம். தூக்க மாத்திரையோ, போதை தரும் வலி மருந்தோ கலந்திருந்தால் டாக்டர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

எர்கோட்டமைன் கலந்த மாத்திரை நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது ஆகாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகும். எனவே கடையில் முழு அட்டையாகக் கேளுங்கள், பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஐந்தாம் படி: டாக்டரிடம் போகிற நாள்

மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வேலை கெட்டால் போங்கள். முதலில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும், பி.பி., சுகர் பார்ப்பார்கள், தேவையென்றால் எழுதி அனுப்புவார்கள். அந்தச் சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.க்குப் போகலாம். நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு காலையிலேயே போய் சீட்டுப் போடுங்கள்.

போவதற்கு முன் ஒரு மாதம், நாள்காட்டித் தாளிலேயே குறியுங்கள்: வலி வந்த நேரம், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம், வாந்தி உண்டா, என்ன மாத்திரை, எத்தனை. பெண்கள் மாதவிலக்குத் தேதியையும் குறியுங்கள். டாக்டருக்கு நம்மோடு பேசக் கிடைப்பது சில நிமிடம்தான், நூறு கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்து, வலியின் குணம் மைக்ரேனோடு பொருந்தினால் ஸ்கேன் வேண்டியதில்லை என்பார்கள். அதைக் கேட்டு, சரியாகப் பார்க்கவில்லையோ என்று கலங்காதீர்கள்.

அடிக்கடி வருகிறவர்களுக்கு வராமல் தடுக்கிற மாத்திரை கொடுப்பார்கள்: ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் போன்றவை. வீசிங் இருந்தால் ப்ரோப்ரனலால் ஆகாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக வாய்ப்பிருந்தால் அதையும் சொல்லுங்கள். தினமும் போட வேண்டிய மாத்திரை இது, வலி வந்த அன்று மட்டும் போடுவதல்ல. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரமே "கேக்கல" என்று நிறுத்திவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர். எனக்குப் பலன் தெரிந்தது ஏழாவது வாரத்தில். நான் குறித்த முதல் தாளில் பதினொரு கட்டம் சிவப்பு, அந்த வருடக் கடைசித் தாளில் இரண்டு.